திரும்பி வந்தவை
*ஓப்பாவ், ரைன் நதிக்கரை, 1921*

வெடிமருந்துக் கிடங்கின் பேரேடு
என் பொறுப்பில் இருந்தது.
நான்கு பத்திகள்:
தேதி, பெயர், கொடுத்தவை, திரும்பி வந்தவை.
ஒரு பூட்டு, இரண்டு சாவி.
அவ்வளவுதான் என் உத்தியோகம்.

குதிருக்குள் உரம் இறுகிக் கிடக்கும்.
ஆற்றின் ஈரம் குடித்துக் குடித்து
நாலாயிரத்து ஐந்நூறு டன் உப்பும்
ஒரே கல்லாகிவிடும்.
கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளையும்.
உழவனுக்குக் கல்லையா விற்பது?
அதனால் துளையிட்டு, குச்சி செருகி,
சின்னதாய் ஒரு வெடி.
பொலபொலவென்று உதிரும்.
யானைக்கு முதுகு சொறிந்துவிடுவது மாதிரி என்பான்
வெண்டலின் கோப்,
மன்ஹைம் சர்க்கஸில் ஒரேயொரு யானையைப் பார்த்தவன்.

எனக்கும் ஒருமுறை கேட்கத் தோன்றியது:
இரண்டு உப்பில் ஒன்று
போர்க்காலத்தில் குண்டுக்குள் போன சரக்குதானே?
ஆய்வுக்கூடத்து டாக்டர் சிரித்தார்.
"பாதிக்குப் பாதி கலந்தால் அது பூனைக்குட்டி.
இருபதாயிரம் முறை வெடித்தாயிற்று,
ஒருமுறையாவது சீறியதா?"
பேரேட்டைக் கூட்டிப் பார்த்தேன்.
இருபதாயிரம், சரிதான்.
ஒன்றும் நடக்காது என்பதற்கு
என் கையெழுத்திலேயே இருபதாயிரம் சாட்சி.

குவியலின் எந்த மூலையில் பாதிக்குப் பாதி,
எந்த மூலையில் இல்லை
என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

செப்டம்பர் இருபத்தொன்று, புதன்.
வெண்டலின் வந்தான். மூக்கடைப்பு.
மகள் ஒட்டிலிக்கு முன்பல் விழுந்துவிட்டது என்றான்.
சட்டைப்பையிலிருந்து பல்லை எடுத்துக் காட்டினான்,
அரிசி மணி போல.
குச்சிகளை எண்ணி வாங்கிக்கொண்டான்.
எழுதினேன். மை காய ஊதினேன்.

ஏழு முப்பத்திரண்டு.

முதல் சத்தம் கேட்டது.
அடுத்தது ம்யூனிக் வரை கேட்டதாம்.
எனக்குக் கேட்கவில்லை.
இன்றுவரை வேறெதுவும் கேட்கவில்லை.

எழுந்து வெளியே வந்தபோது
கூரைகளெல்லாம் ஊரைவிட்டுப் போயிருந்தன.
சுவரில்லாத ஒரு கதவு
சட்டத்தோடு நின்றது.
வெள்ளையாய்த் தூசி படிந்த ஒரு பெண்
அதைத் திறந்து, கடந்து,
மூடிவிட்டுப் போனாள்.

குதிர் இருந்த இடத்தில் குழி.
கயிறு பிடித்து அளந்தார்கள்.
அளந்துகொண்டிருக்கும்போதே அடியில் நீர் ஊறியது.
சில நாளில் குளம்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும், சரி.
நான் தின்றேன், மாதச் சம்பளமாக.
டாக்டர் தின்றார்.
ஒட்டிலி எந்த உப்பைத் தின்றாள்?

விசாரணைக்கு வந்தவர்கள் பேரேட்டை வாங்கிக்கொண்டார்கள்.
அருகில் நின்றவர் எவரும் மிஞ்சவில்லை,
காரணம் உறுதியில்லை என்று முடித்தார்களாம்.
என்னிடமும் ஏதோ கேட்டார்கள்.
உதடுகள் அசைந்தன.
காகிதத்தில் எழுதிக் கேட்டிருக்கலாம்.

அந்த நாளின் நான்காம் பத்தி காலியாகவே போயிற்று.
பூட்டு எங்கே விழுந்ததோ, தெரியாது.
சாவிகள் இரண்டும்
என்னிடம்தான் இருக்கின்றன.