நான்காவது கோப்பை

பெட்டிகள் மே மாதமே வந்துவிட்டன.
ஜூன் பதினான்குக்கு முன் பிரிக்கக் கூடாதென்று
மஞ்சள் நாடாவில் மிரட்டல்.
பியூப்லோ நகரத்தின் இரும்பாலைச் சாலையில்
எங்கள் பர்கர் கடையின் பின்கட்டில்
வெங்காய மூட்டைகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே
ஒரு நிலாப் பயணம் மூச்சடக்கிக் கிடந்தது.

கோப்பைகள் நான்கு.
பெரிய சாப்பாடு வாங்கினால் ஒன்று,
மேலே ஒரு டாலர் நாற்பது.
ஒன்றில் நாயகன், தாடையில் கீறல்.
ஒன்றில் நாயகி.
ஒன்றில் மூன்று கால் ரோபோ; பிள்ளைகள்
அதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.
நான்காவதில்
நிலாவின் கலங்கரை விளக்கைக் காப்பவன்:
நரைத்த புருவம், தாடி, கையில் எண்ணெய்த் துணி,
நம்மைப் பார்க்காமல்
நம் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறவன்.

படம் வந்தது.
முதல் ஞாயிறு என் மகன் டெவ்லினோடு போனேன்.
இரண்டு மணி ஐந்து நிமிடம்.
விளக்கும் இல்லை, காப்பவனும் இல்லை.
பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
கூட்ட வந்த பையன்
எங்கள் காலைத் தூக்கச் சொன்னான்.

கம்பெனி ஆள் பிறகு சொன்னார்:
பிப்ரவரியில் ஏதோ ஊரில் போட்டுக் காட்டினார்களாம்,
பார்த்தவர்கள் நீளம் என்றார்களாம்,
பதினெட்டு நிமிடம் கத்தரித்தார்களாம்.
கோப்பைகளோ நவம்பரிலேயே அச்சாகிவிட்டன.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் போலிருக்கிறது,
பிளாஸ்டிக்கில் முடியவில்லை.

இது யார் என்று கேட்காத குழந்தை இல்லை.
ஜன்னலில் யார் நிற்கிறாரோ
அவர் சொன்னதே கதை.
ரோபோவின் அப்பா, என்றான் ஃபிடென்சியோ.
எல்லோரும் பூமிக்குத் திரும்பிய பிறகு
விளக்கணைக்க ஓர் ஆள் வேண்டாமா, என்றாள் லுவான்.
வரிசை பதினோரு கார் நீண்ட ஒரு மதியம்
நான் சொன்னேன்:
நிலாவில் பர்கர் கடை வைத்திருப்பவர்.
அந்தச் சிறுமி தலையாட்டினாள்,
அங்கேயும் ஒருவர் நிற்கத்தானே வேண்டும் என்பதுபோல.

ஜூலைக் கடைசியில்
மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு செவ்வாய்,
ஒலிபெருக்கியில் ஒரு குரல்:
"நான்காவது கோப்பை இருக்கிறதா?"

அதை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

பழைய பிக்கப் வண்டி. பின்னால் ஏணி, பெயின்ட் வாளிகள்.
கோப்பையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.
தாடியை எடுத்திருந்தார். புருவம் அதேதான்.
"என்ன ஊற்றட்டும்?"
"ஒன்றும் வேண்டாம். வெறுமனே."
வாங்கித் தாங்கியில் வைத்து
முகம் சாலையைப் பார்க்கும்படி திருப்பினார்.
பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.
கேட்க எவ்வளவோ இருந்தது.
கெட்சப் வேண்டுமா, என்று கேட்டேன்.

"நான்கு நாள் படப்பிடிப்பு," என்றார்.
"அந்தத் துணி என்னுடையது.
அவர்கள் கொடுத்தது ரொம்பச் சுத்தமாக இருந்தது."

ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிந்தது.
மிஞ்சியதை அழிக்க வேண்டும்,
அழித்ததைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.
நாயகன் ஒன்பது. நாயகி நாற்பது. ரோபோ இல்லை.
காப்பவன் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஃபிடென்சியோ பூட்ஸ் காலால் மிதித்தான்,
முதலில் சிரித்துக்கொண்டு,
நூறுக்குப் பிறகு சிரிக்காமல்.

படிவத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினேன்.

மிதிபடாத ஒன்று ஜன்னல் விளிம்பில் நிற்கிறது,
பேனாக்களும் ஒரு கத்திரிக்கோலும் சுமந்து.
வண்டி ஓட்டி வருகிறவர்களின் தோளுக்குப் பின்னால்
அவன் பார்க்கும் இடத்தில்
கார் நிறுத்துமிடம், ரயில் பாதை,
இரும்பாலையின் புகைபோக்கி,
அதன் உச்சியில் விமானங்களுக்காக ஒரு சிவப்பு விளக்கு.

போன வாரம் ஒருநாள் அது எரியவில்லை என்கிறாள் லுவான்.
அன்று எனக்கு விடுப்பு.