அலகைத் தூக்கும் இடம்

பிப்ரவரி. தெற்கு டகோட்டா, பியர் நகரம்.
நான்காவது மாடியில் நிதிக்குழு கூடியிருக்கிறது.
வெளியே மிசூரி ஆறு உறைந்து கிடக்கிறது.

நான் சுருக்கெழுத்துக்காரி.
பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறர் சொன்னதை மட்டும் தட்டுகிறேன்.
எனக்குக் கருத்து கிடையாது,
அதற்குத் தனியாகச் சம்பளம் இல்லை.

இன்று வெட்டுக்கு வந்திருப்பது நாற்பத்தோராம் இனம்:
மொழி, வரலாறு, தத்துவம், இன்ன பிற.
'இன்ன பிற' என்றேதான் அச்சாகியிருக்கிறது.
தலைக்கு முப்பத்தெட்டு சென்ட்.
காபிக் கோப்பையின் மூடிக்கும் காணாது.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு.

முதலில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர்.
ஒரு டாலர் போட்டால் இரண்டாய்த் திரும்பும் என்றார்.
விடுதி அறைகள், உணவகங்கள், சுற்றுலா,
எல்லாவற்றுக்கும் வண்ணப் படம்.
தத்துவத்தைக் கறவை மாடாக்கிக்
குழுவின் முன்னால் கட்டினார்.
மடியைத் தொட்டுப் பார்த்தார்கள்.
நல்ல மனிதர். என் கட்சி.
(எனக்குக் கட்சி கிடையாது.)
இருந்தும் விரல்கள் கூசின.

அடுத்து லவெர்ன் ஹாக்ஸ்டாட்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
காகிதம் ஒன்றும் கொண்டுவரவில்லை.
தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டார்.

"ராத்திரி ரெண்டு மணிக்குப் பதினாலாம் நெடுஞ்சாலை என் பொறுப்பு.
முப்பது வருஷமா தார் தெரியச் சுரண்டிக்கிட்டிருந்தேன்.
போன அக்டோபர்ல எங்க நூலகத்துக்கு ஒரு பொண்ணு வந்துச்சு,
உங்க பணத்துலதான்.
இடிஞ்ச சர்ச்சோட பதிவேட்டை எடுத்து வச்சுப் படிச்சுது.
பழைய ஜெர்மன் கையெழுத்து, ஊர்ல ஒருத்தருக்கும் புரியாது."

கைபேசியே மொழிபெயர்க்குமே என்றார் ஓர் உறுப்பினர்.

"பண்ணிப் பார்த்தோம். பிள்ளைங்கிற இடத்துல வாத்துன்னுச்சு.

அந்தப் பொண்ணு சொன்னது:
தொண்டை அடைப்பான் வந்த குளிர்காலம். ஒன்பது பிள்ளைங்க.
புதைச்சது ஓடைக்கு மேற்கே நாப்பது அடி.
அங்க இப்ப ரோடு போகுது.
எட்டுப் பேருக்குப் பேர் இருக்கு. ஒண்ணுக்கு வைக்கறதுக்குள்ள...
அதுலேர்ந்து அந்த இடம் வந்தா
அலகை ரெண்டு அங்குலம் தூக்கிடுவேன்."

மஞ்சள்.

தலைவர் சூரியகாந்தி பயிரிடுகிறவர்.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாதென்று
தெரிந்தவர், தெரிந்தே உழுகிறவர்.
கேலியில்லாமல்தான் கேட்டார்:
"அதனால் மாநிலத்துக்கு என்ன லாபம்?"

"லாபமா? அங்க ரெண்டு அங்குலம் பனி நிக்குது, ஐயா.
புகார்கூட ஒண்ணு வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். 'சிரிப்பு' என்று தட்டினேன்.

"ரோடு ஊர்ப் பணம். வண்டி ஊர்ப் பணம்.
டீசல், உப்பு, என் கையுறை, எல்லாம்.
எங்க தூக்கணும்னு தெரியறதுக்கு மட்டும்
யார் பணம் தரணும்?"

சிவப்பு.

பதிவுக்காக ஒரே வரியில் முடியுங்கள் என்றார் தலைவர்.
லவெர்ன் பேசவில்லை.
மேசைமேல் பரப்பியிருந்த உள்ளங்கையைக்
கொஞ்சம் தூக்கினார்.
அங்கேயே நிறுத்தினார்.

விதிப்படி நான் தட்ட வேண்டியது: பதில் இல்லை.

தட்டியது:
சாட்சி கையை மேசையிலிருந்து
இரண்டு அங்குலம் உயர்த்தினார். இறக்கவில்லை.

அளவு நான் போட்டது.
பத்தொன்பது ஆண்டில் என் முதல் வாக்கியம்.

ஐந்துக்கு நான்கு. இனம் வெட்டுப்பட்டது.
கறவை மாட்டையும் அவிழ்த்து ஓட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் இனி வரமாட்டாள்.
பதிவேட்டில் பாதிக்கு மேல் பாக்கி.
ஓடைக்குக் கிழக்கே என்ன இருக்கிறதென்று
யாரும் இன்னும் படிக்கவில்லை.

இன்றிரவு பனி உண்டு என்கிறார்கள்.
லவெர்ன் அங்கே தார் தெரியத்தான் சுரண்டுவார்.
அவர்மேல் குற்றமில்லை.