பீப்பாய்கள்

ரொசாரியோவில் அப்போது எங்களுக்கு
வாரம் நான்கு பக்கம்.
பென்சில் எவரிஸ்தோ. மை நான்.
கதையில் ஒரு கப்பல், அதன் தலைவன் பால்தசார்,
சுக்கான் பிடிக்கும் தோமே.

முதல் இதழ் அச்சுக்குப் போகுமுன்
ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இவ்வளவு ஒட்டி நிற்க வேண்டுமா இருவரும்?
நடுவில் ஏதாவது வையுங்கள்."

வைத்தோம்.
லாந்தர் வைத்தோம். கயிற்றுச் சுருள். கடற்பறவை.
பெரும்பாலும் பீப்பாய்,
வரையச் சுலபம் என்பதால்.
நூற்று நாற்பது வாரம்.
எந்தப் புயலிலும் ஒரு பீப்பாய்கூட உருளவில்லை.
சாந்தா ஃபேயிலிருந்து ஒரு வாசகர் எழுதினார்:
இந்தக் கப்பல் அப்படி என்னதான் ஏற்றிப் போகிறது?
கடிதத்தை எவரிஸ்தோ
சமையலறைச் சுவரில் ஒட்டினான்.
எங்கள் சமையலறை.
வாடகை ரசீது அவன் பெயரில்.
வீட்டுக்காரிக்கு நான் அவனுடைய மைத்துனன்;
எந்தத் தங்கையின் கணவன் என்று
அவளும் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை.
எண்பத்தேழாம் இதழ், மூன்றாம் பக்கம், கடைசிக் கட்டம்:
காய்ச்சலில் கிடக்கும் தோமேயின் நெற்றிமேல்
தலைவனின் கை.
கைக்கு மாதிரி நான்.
விளக்கைச் சாய்த்து வைத்து, அசையாதே என்றான்.
ஒரு மணி நேரம்
தலையணைமேல் வைத்தபடி இருந்தேன்.
அதற்கு மை போட்டவனும் நான்.
திங்கட்கிழமை பக்கம் திரும்பி வந்தது,
கையைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம்.
வெள்ளை பூசியதும் நானேதான்.
அதன்மேல் ஓர் ஈரத்துணி வரைந்தேன்,
யாரும் போடாமல்
தானே வந்து உட்கார்ந்ததுபோல.
அன்று இரவு இருவரும் அதிகம் பேசவில்லை.
தூரிகை கழுவிய டம்ளரில்
தண்ணீர் பால்போல் நின்றது.

எவரிஸ்தோ போய்ப் பதினோரு வருடம்.
ஆஸ்பத்திரிப் படிவத்தில் நான்: நண்பர்.

இப்போது காப்பகத்தில் புதிய அலமாரி வந்திருக்கிறது,
தன்பால் காதலர்களின் படக்கதைகளுக்கென்றே.
ஆறு பெட்டி. இரண்டு எங்களுடையது.
கையுறை போட்ட மிலாக்ரோஸ்
அந்தப் பக்கத்தை மெல்ல எடுத்து வைக்கிறாள்.
பழைய பீங்கான்போல் வெள்ளை வெடித்து
ஓரங்களில் உதிர்ந்திருக்கிறது.
துணிக்கு அடியிலிருந்து
ஐந்து விரல்.
"மறுபடி பூசிச் சரிசெய்வதா,
இப்படியே விடுவதா?
நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

போன ஞாயிறு ஆற்றோரக் கொட்டகையில் காமிக்ஸ் சந்தை.
நகத்தில் பச்சைச் சாயம் பூசிய பையன், சீரோ என்று பெயர்,
தானே வரைந்து, தானே பின்னடித்த புத்தகத்தை விற்றான்.
இரண்டு ஆண்கள், ஒரு சின்ன ஃப்ளாட்.
எட்டாம் பக்கத்தில் முத்தம். புரட்டிவிட்டேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
யார் பாத்திரம் கழுவுவது என்று
ஆறு கட்டம் நீளத்துக்குச் சண்டை.
அங்கே நின்றுவிட்டேன்.
எங்கள் ஆட்களுக்குச் சண்டை போட
இடமே இருந்ததில்லை.
அத்தனை பீப்பாய்.
மீதிச் சில்லறை வேண்டாம் என்றேன்,
பையன் விடாமல் கையில் திணித்தான்.

மிலாக்ரோஸ் காத்திருக்கிறாள்.
கண்ணாடியை மாட்டிக் குனிகிறேன்.
கட்டை விரல் தப்பு.
இவ்வளவு நீளமா எனக்கு?
முழுசாய் ஒரு மணி நேரம்
அசையாமல் வைத்திருந்தேனே, படுபாவி,
நீ எதைப் பார்த்து வரைந்தாய்?