இடம்புரி

ஜூம்பெரின் டயர்க் கொட்டகையில்
ஒரு நாள் வாடகை ஒரு புட்டி தேன்.
அடமானத்துக்கு என் அடையாள அட்டை.
சிவப்புப் பெட்டியை நீட்டியவன்
பிடியை விடவில்லை:
"லாமாரா, நானே செய்து தருகிறேனே.
பின்சக்கரம் முன்சக்கரம் மாதிரி இல்லை,
வெறுமனே அழுத்தினால் உள்ளே போகாது."
தெரியும் என்றேன்.
தெரியாது.

பெட்டிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம்.
குறுக்குக் கைப்பிடி வைத்த திருகுகள் இரண்டு,
ஒன்று வலம்புரி, ஒன்று இடம்புரி.
ஊன்றிக்கொள்ள ஒரு தகடு.
நாணயம் போன்ற வட்டுகள்,
ஒவ்வொன்றின் முகத்திலும் இரண்டு முளை.
ஒரு பள்ளம் மட்டும் காலி.
அதில் யாரோ
சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியிருந்தார்கள்.

நவம்பரில் பாசனவுரி ஆறு மணிக்குள் இருண்டுவிடும்.
நாளை கணவாய்க்கு அந்தப் பக்கம், கோபியில்,
பதினேழு மாடுகளுக்கு ஊசி.
ஏறுவதற்கு எஞ்சின் போதும்.
இறங்குவதற்கு இருப்பது
ஒரு அரிசிக் கனம்கூட மிஞ்சாத
இந்த பிரேக் கட்டைகள்.
போன வாரம் குடாவுரி வளைவுகளில்
இரும்பு இரும்பைத் தின்னும் சத்தத்துக்குப்
பசுக்கள் எல்லாம் தலை திருப்பின.
ஊசிக்காரியின் ஃபோர்டு என்று தெரிந்ததும்
ஒன்று ஓடியது.

ஜாக்கி வைத்து, சக்கரம் கழற்றி,
காலிப்பரைக் கம்பியில் தொங்கவிட்டேன்.
பிஸ்டன் வெளியே வந்து நின்றது,
யாரும் கேட்காத கேள்விக்குப்
பதில் சொல்ல எழுந்தவன் மாதிரி.
அதன் முகத்துக் குழிகளில் முளைகளைப் பொருத்தினேன்.
தள்ளிக்கொண்டே திருக வேண்டும்.
திருகிக்கொண்டே தள்ள வேண்டும்.
ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் முரண்டு பிடிக்கும்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கால் சுற்று.
இன்னொரு கால் சுற்று.

அடுத்த பக்கம் அதே கையால் அதே மாதிரி சுற்றினேன்.
சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
உள்ளே போகவில்லை.
மரை கழன்றது அதற்கா எனக்கா என்று
பெட்டி முன்னால் குந்தியிருந்தபோதுதான்
இடம்புரி கண்ணில் பட்டது.
அடச்சீ.
இது மறுபக்கமாகச் சுற்றி மூடுகிற ஜாதி.

உள்ளே போனது.
போகப் போக, முன்னால் சொட்டுச் சத்தம்.

பானெட்டுக்கு அடியில்
பிரேக் எண்ணெய் டப்பா நிரம்பி வழிந்து
பச்சைப் பெயிண்டைக் கொப்புளமாக்கிக்கொண்டிருந்தது.

போன கோடையில் போனில் சொன்னேன்: எண்ணெய் குறைந்திருக்கிறது.
பொஸ்னானில், கிடங்கு வாசலில் நின்றபடி
முர்மான் சொன்னான்: ஊற்று.
ஊற்றினேன்.
பனி உருகும்போது மறுபடி: குறைந்திருக்கிறது.
ஊற்று.
அவன் அக்கறையாகத்தான் சொன்னான்.
நானும் அக்கறையாகத்தான் ஊற்றினேன்,
விளிம்பு வரைக்கும்.
எங்கே போகிறது என்று
இருவரில் யாருமே கேட்கவில்லை.

எங்கும் போகவில்லை.
ஒழுகவும் இல்லை.
கட்டை தேயத் தேய, தேய்ந்த அளவுக்கு
பிஸ்டனின் முதுகில் போய் நின்றிருக்கிறது.
இப்போது இடமில்லாமல் திரும்பி வருகிறது.

மாட்டு ஊசியின் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சினேன்.
மூன்று முறை.
வழிந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.
உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது.
போகட்டும்.

புதுக் கட்டை. சக்கரம். போல்ட்.
பெட்டியில் எல்லாம் அதனதன் பள்ளத்தில்;
விதைத் தோலையும் விட்டுவைத்தேன்,
ஜூம்பெர் எண்ணிப் பார்க்கிறவன்.

எஞ்சினைப் போடாமல் ஏறி உட்கார்ந்து
பெடலை மிதித்தேன்.
தரை வரை போனது.
காலுக்கு அடியில் வெறும் காற்று.

போன் ஒளிர்ந்தது. முர்மான், முகத்தோடு.
"இருட்டில் என்ன செய்கிறாய்?"
"பேசாதே. எண்ணுகிறேன்."
இரண்டு.
அவன் பின்னால் யாரோ பலகைகளை அடுக்குகிறார்கள்.
மூன்று. நான்கு.
மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான், பாவம்.
ஐந்தில் பெடல் கல்லாக நின்றது.

"இப்போது சொல்" என்றேன்.

"பிரேக் எண்ணெய்
குறையவில்லையே?" என்றான்.