இணைப்பு: இலை இரண்டு

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள்
பீரோவைத் திறந்தேன்.
இரண்டு நாள் இருட்டில் இருந்த செம்பருத்தித் தொட்டி
பட்டினி முகத்தோடு வெளியே வந்தது.
சேர்த்துவைத்த மாவையெல்லாம் தின்று தீர்த்திருக்கும்.
சோதனைக்கு அதுதான் வேண்டும்.

கறுப்புத் தாளை நட்சத்திரமாக வெட்டி
இலையில் ஜெம் கிளிப் மாட்டி
மொட்டைமாடியில் வைத்தேன்.
மாசிதான். அதற்குள் தகரக் கூரை முறுகுகிறது.
வேலூரில் எல்லோரும் திட்டுகிற வெயிலை
இலை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறது.
வேர் அனுப்பிய நீரை உடைக்கிறது,
மிஞ்சின ஆக்சிஜனை நம் பக்கம் தள்ளிவிடுகிறது,
காற்றில் அலையும் கரியைப் பிடித்துச்
சர்க்கரையாகக் கட்டுகிறது.
பதினெட்டு வருஷமாக இந்த லேப்பில் பியூரெட் கழுவுகிறேன்.
நான் பார்த்த சமையல்களில்
பாத்திரம் விழாதது இது ஒன்றுதான்.

சாயங்காலம் கொதிநீர். பிறகு ஸ்பிரிட்.
பச்சை முழுக்க அதில் இறங்கிவிட
இலை வெளுத்துத் துவண்டு
பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி
பீங்கான் தட்டில் கிடந்தது.
அயோடின் நாலு சொட்டு.
வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலம்,
நட்சத்திரம் மட்டும் பழுப்பு.
எல்லா வருஷமும் இப்படித்தான்.
எல்லா வருஷமும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன்.

மகளின் ஹால்டிக்கெட்டில் இனிஷியல் தப்பென்று
வந்திருந்த துலுக்காணம்
ஜன்னலில் எட்டிப் பார்த்து
"இன்னாம்மா, இலையில ரசம் வெக்கிறியா?" என்றார்.
சொன்னேன்:
கறுத்தால் இலை சமைத்திருக்கிறது,
கறுக்காவிட்டால் இல்லை.
அவர் சிரிக்கவில்லை.
நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம்
துண்டில் முடிந்து நாலு இலை கொண்டுவந்தார்.
முள்ளுக் கத்திரி. காம்பில் முள், நரம்பில் முள்.
ஒடுகத்தூர் சாலையில் நிலம்,
நிலத்துக்கு மேற்கே கல் உடைக்கும் கிரஷர்.
இலைமேல் விரலால் பெயர் எழுதலாம்,
அவ்வளவு மாவு.
யாராலும் தின்ன முடியாத மாவு.

"நாலு வருசமா காய் சொத்தையா பூடுது.
உரம் போட்டாச்சு, மருந்து அடிச்சாச்சு.
வெயிலு இன்னா, கொறைஞ்சா கீது நம்ம ஊர்ல?"

தண்ணீர் சிமெண்ட் நிறத்தில் கொதித்தது.
அயோடின் விட்டேன்.
விளிம்பில் ஒரு நூல் கறுத்தது,
நடுநரம்போரம் கொஞ்சம்.
மற்றதெல்லாம் பழுப்பு.
யாரும் தாள் வெட்டவில்லை.
யாரும் கிளிப் மாட்டவில்லை.

ஒரே ஒரு செடியைத் தினமும்
விடியலில் குடத்து நீரால் கழுவச் சொன்னேன்.
பத்து நாள் கழித்து
அதன் இலை கரிச்சட்டி அடிபோலக் கறுத்தது.
துலுக்காணம் அதை வாங்கி
உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.
எடை பார்க்கிறவர் மாதிரி.

மனு எழுதியது நான்தான்.
அயோடின் நிறம் நாள்பட மங்கிவிடும்,
திங்கட்கிழமையைத் தவறவிடக்கூடாது.
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில்
இரண்டு மணி நேரம் வரிசை.

"பட்டா நகல் இருக்கு, ஆதார் நகல் இருக்கு,
இலையை நான் எங்க குத்தறது?"
மேஜைக்காரர் எரிச்சலாகத்தான் கேட்டார்.
பிறகு என்ன தோன்றியதோ
இரண்டையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"இதுல சாப்பிட்டது எது?"

துலுக்காணம் காட்டினார்.

எண் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.
முப்பது நாளில் பதில் வருமாம்.
பஸ்ஸில் வரும்போது அவர் பேசவேயில்லை,
அணைக்கட்டு தாண்டி இறங்கும்போது மட்டும்
"ரெண்டு குடம் பத்தாது" என்றார்.

எண்ணூறு செடி.