தபால்தலை அளவு

ஆறு பேரையும் நிற்கவைத்திருந்தாள் ஸைகா
கடைசி டிராமின் படிக்கட்டில்.
பின்னால் டவ்காவா ஆறு உறைந்து கிடக்க,
தலைப்பு மேலே, பனி எழுத்தில்.
நான்கு மாத வேலை. பொத்தானுக்குக்கூட நிழல் உண்டு.

கடையில் எங்கள் விஷுவல் நாவல்
எந்த அளவில் தெரியும் என்று
உல்திஸ் சுருக்கிக் காட்டினான்.
ஆறு பேரும் அரிசியானார்கள்.
தலைப்பு, எறும்பு போன தடம்.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாதாம்;
படத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

ரீகாவில் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
ஹீட்டர் முனக முனக
ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள்.
முதலில் டாக்டர். பிறகு இரட்டையர், பையன்.
பிறகு ஓட்டுநர், தொப்பியோடு.
"வெல்காவை மட்டும் விடு" என்றேன்.
நாற்பதாயிரம் சொற்கள் எழுதியிருக்கிறேன் அவளுக்கு.
"அவள் உள்ளே இருக்கிறாள்,
வாசலில் கூட்டம் வேண்டாம்" என்று
அழித்தாள்.

மிஞ்சியது ஒரு கை.
கம்பளிக் கையுறை, கிழியாத ஒரு டிக்கெட்.
டிக்கெட் மட்டும் மஞ்சள்,
மற்றதெல்லாம் ஆற்றின் நிறம்.

போனை அலமாரியில் சாய்த்துவிட்டு
அறையின் மறுகோடிக்குப் போனோம்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.
மஞ்சள் தெரிந்தது.

கிட்டே வந்து பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன்:
கையுறையின் கட்டைவிரலில் ஓட்டை.
இரண்டாம் அத்தியாயத்தில்
வெல்காவுக்கு நான் எழுதிய ஓட்டை.
ஸைகா திரும்பிப் பார்க்கவில்லை,
ஃபைலைச் சேமித்துக்கொண்டிருந்தாள்.

சார்ஜர் கேட்டு வந்த உல்திஸின் தங்கை
வந்த வேலையை மறந்து நின்றாள்.
"யாருடைய கை இது?"

"ஆறு யூரோ" என்றான் உல்திஸ்.