பக்கத்துக்கு இருபது சென்

முற்றிலும் இலவசம் என்றுதான் போட்டிருந்தது.
க-வுக்கும் ங-வுக்கும் நடுவில்
ஒருத்தி வந்து உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள்.
ஐந்து விநாடி பொறுத்தால் தாண்டலாம்.
லோஷினி பொறுத்தாள்.
ஐந்திலிருந்து கீழே எண்ண
அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

செந்தூல் பிளாட், பதினோராவது மாடி.
என் முப்பது ரிங்கிட் டேட்டா
இருபதாம் தேதி தாண்டாது.
பிறகு கீழே மாமாக் கடைதான்:
ஒரு தே ஓ ஐஸ், இரண்டு ஸ்ட்ரோ,
தூணில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல்.
பெரிய திரையில் கோல் விழுந்து
மேசைகள் அலறும்போதும்
அவள் காதோரப் போனுக்குள்
மதுரைப் பக்கமோ என்னவோ, முகம் தெரியாத ஒருத்தி
"அ... அணில்" என்பாள்.
எத்தனை தடவை தட்டினாலும்
முதல் தடவை மாதிரியே.
எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.
அந்த எழுத்தும் கிடையாது.

நான் படித்தது மலாய்ப் பள்ளியில்.
வீட்டில் பேசுவது தமிழ்,
சண்டைக்கும் தமிழ்,
அர்ச்சனைச் சீட்டில் மட்டும் என் பெயரை
வேறு யாராவது எழுதித் தருவார்கள்.
சரிதான் என்று தலையாட்டி வாங்கிக்கொள்வேன்.

இறக்கிவைத்த பயிற்சித் தாள்களைப்
போனோடு எடுத்துப்போனேன் சியூ கடைக்கு.
பக்கத்துக்கு இருபது சென்,
கலர் என்றால் ஒரு ரிங்கிட்.
கறுப்பு வெள்ளையே போதும் என்றேன்.
முதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"எந்தப் பக்கம் மேலே?" என்றார் சியூ.
எனக்கும் ஒரு கணம் தெரியவில்லை.
வாத்தின் தலையைப் பார்த்துச் சொன்னேன்.

ஏ - ஏர்.
கோணலான மரத்துண்டு, இரண்டு மாடுகள்.
"ஆயேரா? தண்ணியாம்மா?"
பாலர் பள்ளியில் அவளுக்கு அதுதான் தண்ணீர்.
மாட்டுக்குப் பக்கத்தில்
ஒரு குழாய் வரைந்தாள்.
மாடும் குடிக்கட்டும் என்று
நானும் அழிக்கவில்லை.

அவள் தூங்கியபின்
அதே புள்ளிக்கோடுகளின் மேல் நான் எழுதுவேன்,
பென்சிலை அழுத்தாமல்.
எழுதி முடித்து ரப்பரால் அழித்துத்
தூசியை ஊதிவிடுவேன்.
காலையில் அவளுக்கு வேண்டுமே,
இருபது சென் தாள்.

ஒரு நாள் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து
உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"அணிலுக்கு மூணு சுழி ண-ம்மா.
நீ ரெண்டுதான் போட்டிருக்கே."
குழம்பைக் கிளறுகிற சாக்கில்
திரும்பி நின்றுகொண்டேன்.
அன்றிலிருந்து தாளுக்கு இரண்டு பிரதி.

போன சனிக்கிழமை, மழை விட்ட மாலை,
பிளாட்டுக்குப் பின்னால் மின்மாற்றி அறை.
இரும்புக் கதவில் மண்டையோடு,
அதன் கீழ் நான்கு மொழி.
ஒன்பது வருஷமாக
முதல் வரியோடு நின்று கடந்துபோனவள் நான்.
நாலாவது நம்முடையது என்று தெரியும்,
கல்யாண வீட்டில் பார்க்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி,
முகம் தெரியும், பெயர் கேட்டால் முழிப்பேன்.

கையை உதறிவிட்டு நின்றாள்.
"அ. அணில் அ.
பா..."
மூன்றாவதில் உதட்டைக் கடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"ய.
பொட்டு வச்ச ம.
ம்.
அ-பா-ய-ம். அபாயம்!"

நேப்பாளி காவலாளி குடையோடு ஓடி வந்தான்
யாருக்கு என்ன ஆச்சு என்று.
நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்,
மண்டையோட்டுக்கு முன்னால்.
"அப்படின்னா என்னம்மா?"

கிட்டே போகாதே என்றேன்.
இன்னொரு தடவை படி என்றேன்.